இருபத்திரண்டு என்று எழுதியவர்

கச்சிமுகம்மதுவுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தெரியாது. கோப்பையைக் கையில் வாங்கியதும் எழுந்துவிடுவார். வீட்டில் என்றால் கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் இடையில் நடப்பார். வேலையிடத்தில் என்றால் ஐஸ் தொட்டியைச் சுற்றி நடப்பார். "ஒங்கட காலுக்கு ஒரு நாளைக்கு லீவு குடுங்களன்" என்று மனைவி மைமூனா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

கல்முனைக் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே அபூசாலி ஹாஜியாரின் ஐஸ் ஆலை இருந்தது. நீளமான இரும்புத் தொட்டி, அதற்கு மேலே வரிசையாக மரப் பலகை மூடிகள். ஒவ்வொரு மூடிக்குக் கீழும் நல்ல தண்ணீர் நிரப்பிய ஒரு தகரப் பெட்டி, உப்புத் தண்ணீருக்குள் கழுத்தளவு அமிழ்ந்து தொங்கும். தொட்டியின் அடியில் ஓடுகிற குழாய்களில் அமோனியா போய் வந்து அந்த உப்புத் தண்ணீரைக் குளிர்விக்கும். உப்புத் தண்ணீர் சைபருக்குக் கீழே பத்துப் பாகை போனாலும் உறையாது. ஆனால் அதற்குள் தொங்குகிற நல்ல தண்ணீர் ஒரு நாளில் கல்லாகிவிடும். ஆலையின் வித்தை அவ்வளவுதான். அந்த வித்தை நடப்பதற்கு உப்பு சரியாக இருக்க வேண்டும். நூறு பங்கில் இருபத்திரண்டு பங்கு. அதில் குறைந்தால் குழாயைத் தொடுகிற உப்புத் தண்ணீரே பனியாகிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். கூடினால் கரைய இடமில்லாத உப்பு அடியில் படியும். இரண்டும் தொட்டிக்கு ஆகாது.

அந்த இருபத்திரண்டைக் காப்பதுதான் கச்சிமுகம்மதுவின் வேலை. நற்பிட்டிமுனையில் பிறந்து ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பாலமுனைக் கருவாட்டு வாடி ஒன்றில் ஆறு வருடம் உப்புப் பிடித்தார். பிறகு இந்த ஆலைக்கு மூடி தூக்குகிற கூலியாளாக வந்தார். இயந்திரத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகம் மேசை லாச்சிக்குள் கரையான் அரித்துக் கிடந்தது. அதை ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் என்று, நான்கு வருடம் படித்தார். விளங்கியதை மட்டும் கொப்பியில் எழுதினார், விளங்காததை எழுதவில்லை. நாலாம் வருட முடிவில் ஹாஜியார் தொட்டியை அவரிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் தொட்டியை அளந்து, புத்தகத்தில் எண்ணைப் பதிந்து, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். சூறாவளி வந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போன எழுபத்தெட்டு நவம்பரிலும், தொட்டிக்குள் மழை கொட்டிய அந்த நாளிலும், எண் எழுதப்பட்டிருக்கிறது.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்தப் புத்தகமே அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

மே மாதத்திலிருந்தே ஐஸ் கட்டிகள் சரியில்லை. மீன் நன்றாகப் படுகிற பருவம், ஐஸுக்கு வரிசையில் நிற்கிற காலம். ஒரு நாளில் இறுக வேண்டிய கட்டி ஒன்றரை நாள் எடுத்தது. ஜூலையின் முதல் கிழமையில் மீன் வியாபாரி சரீப் லொறியை முற்றத்தில் நிறுத்திவிட்டு, ஒரு கட்டியை இழுத்துப் போட்டு, கோடரியின் முதுகால் ஓங்கி ஒரு அடி அடித்தார். கட்டி பிளந்தது. நடுவிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் நிலத்தில் கொட்டியது.

"ஹாஜியார், இது ஐஸா, இளநியா?" என்றார் சரீப். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். சரீப் சிரிக்கவில்லை. "நேத்து ஏத்தின சூரை கண்டிக்குப் போகக்குள்ளயே செவுள் வெளுத்துப் போச்சி. பாதிய நாய்க்குத்தான் போட்ட. நான் இனி மட்டக்களப்புக்குப் போய் ஐஸ் ஏத்தவா, சொல்லுங்க."

அபூசாலி ஹாஜியார் கச்சிமுகம்மதுவைக் கூப்பிட்டார்.

"கச்சி, தொட்டி என்ன சொல்லுது?"

"இருபத்திரண்டு, ஹாஜி."

"நேத்து?"

"இருபத்திரண்டு."

"எழுதி இரிக்கா?"

"எல்லாம் எழுதி இரிக்கி."

ஹாஜியார் புத்தகத்தை வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டேகால், இருபத்திரண்டு. புத்தகத்தை மூடிவிட்டு இயந்திர அறைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்ப தண்ணியில பிழ இல்ல. பிழ மெசினிலதான்."

இயந்திர அறையில் பெனடிக் நின்றான். அமோனியா அமுக்கும் பெரிய இயந்திரம் அவன் பொறுப்பு. ஆலையின் பின்பக்கத்து இரண்டு அறை வீட்டில் மனைவி இமக்குலேற்றோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருந்தான். வேலை போனால் அந்த வீடும் போகும். இந்த மாதம் முடிந்ததும் வேறு மெக்கானிக் வருவான் என்று ஹாஜியார் அன்றைக்கே எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். மட்டக்களப்பிலுள்ள ஒருவனுக்குக் கடிதமும் போய்விட்டது.

பெனடிக் கைதுடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தான். ஊரில் எல்லாரையும்போல அவனும் கச்சிமுகம்மதுவை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, நீங்க ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே."

"என்னத்தச் சொல்ல? தொட்டி இருபத்திரண்டுதான் காட்டுது."

"என்ட மெசினுக்கு ஒண்டும் இல்ல எண்டு ஒங்களுக்குத் தெரியும். சத்தத்தக் கேட்டே சொல்லுவீங்களே நீங்க."

அது உண்மை. இயந்திரத்தின் சத்தம் எப்போதும்போலச் சீராகத்தான் இருந்தது. போன மாதம் பெனடிக் வால்வுகளைக் கழற்றிப் பூட்டியபோது பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவரே கச்சிமுகம்மதுதான். ஆனால் சத்தத்தைப் புத்தகத்தில் எழுத முடியாதே.

"குழாயில பனி கட்டி இருக்குது காக்கா," என்றான் பெனடிக். "உறிஞ்சிற பக்கத்து அமுக்கம் காட்டுற முள்ளு நாளுக்கு நாள் கீழ இறங்குது. குழாய் போர்வ போத்திக்கிட்டுப் படுத்திருக்கு, நான் எவ்வளவு அமோனியா அனுப்பி என்ன?"

"பனி இல்ல அது. உப்பு. முந்தி இருபத்திரண்டுக்கு மேல நிண்ட காலத்துல படிஞ்சது. பனி கட்டுறதுக்கு உப்புக் குறையணும். குறையல்லியே."

கச்சிமுகம்மது சொன்னது காற்றில் எடுத்த பேச்சல்ல. நீளமான இரும்புக் கம்பியை மூடிக்குக் கீழே விட்டுக் குழாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கம்பி வழுக்காமல், ஏதோ கெட்டியான பொருக்கில் முட்டியது. முன்பு கூடிக் கிடந்த உப்பு படிந்து இறுகிவிட்டது என்றே நினைத்தார். அதனால் பெனடிக் கெஞ்சியும் ஒரு சாக்கு உப்புக்கூடப் போட மறுத்துவிட்டார்.

இந்த உறுதிக்கு ஒரு கதை இருக்கிறது. இயந்திரத்தோடு வந்த அளவுக் கண்ணாடி, உப்புத் தண்ணீரில் மிதந்து தன் கழுத்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை வைத்து உப்பின் அளவைக் காட்டுகிற குழல், போன வருடம் ஒக்டோபரில் கைதவறி உடைந்தது. கொழும்பில் சொல்லிவைத்தும் வேறொன்று வரவில்லை. கச்சிமுகம்மது தானே ஒன்று செய்தார். மருந்துக் கடையில் ஒல்லியான கண்ணாடிக் குழல் வாங்கி, அடியில் ஈயக் குண்டுகள் போட்டு, உள்ளே கடதாசிப் பட்டை வைத்து, வாயை அரக்கால் அடைத்தார். கோடு போடுவதற்கு மூன்று நாள் எடுத்தார். மைமூனாவின் குசினியில் உப்பை வறுத்து ஈரம் போக்கினார். பொற்கொல்லரிடம் இரவல் வாங்கிய தராசில் நிறுத்தார். எழுபத்தெட்டுப் பங்கு மழைத் தண்ணீருக்கு இருபத்திரண்டு பங்கு உப்பு. அதில் குழலை மிதக்கவிட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு. பிறகு இருபது, இருபத்திநாலு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை கலந்து பார்த்தார். கோடு மயிரளவும் மாறவில்லை. இடைவெளிகளைக் கால் பங்குச் சிறு கோடுகளாகப் பிரித்தார்.

"நெல்லு வெதைக்கிற ஆக்கள் முட்டய மிதக்க விட்டுத்தானே உப்புத் தண்ணி பாக்குற," என்று மைமூனா கேட்டாள். "ஒரு கோழி முட்டைக்கி இவ்வளவு பாடா?"

"முட்ட விதை நெல்லுக்குப் போதும். தொட்டிக்குக் காணா."

புதுக் குழலைத் தொட்டியில் விட்ட முதல் நாளே அது இருபத்திநாலைக் காட்டியது. உடைகிற நாள்வரை பழைய கண்ணாடி சொன்னது இருபத்திரண்டு. கச்சிமுகம்மது அன்று அரை மணி நேரம் தொட்டியைச் சுற்றினார். பின்னர் முடிவு கட்டினார்: பழைய கண்ணாடிதான் இத்தனை காலமும் பொய் சொல்லி இருக்கிறது. தன் குழலை அவர் மூன்று தடவை சரிபார்த்தவர். பழையதை யார் சரிபார்த்தார்கள்? அன்றிலிருந்து உப்புப் போடுவதை நிறுத்தினார். பெட்டிகளைத் தூக்கும்போது சொட்டிச் சொட்டி உப்புத் தண்ணீர் குறையும், குறைகிற இடத்துக்கு உப்பில்லாத பச்சைத் தண்ணீர் விடப்படும். மார்ச் மாதமளவில் எண் மெல்ல இறங்கி இருபத்திரண்டில் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் இருபத்திரண்டைக் காக்க மீண்டும் உப்புப் போட்டார். ஐந்து மாதம் உப்பு வாங்காமல் ஓடியதற்கு ஹாஜியார் அவரை எல்லார் முன்னாலும் புகழ்ந்திருந்தார்.

ஆகவே குழல் சரி. குழல் சரியென்றால் தொட்டி சரி. தொட்டி சரியென்றால் பெனடிக் பிழை. அந்த மூன்றாவது படியில்தான் அவர் ஒவ்வொரு தடவையும் தடுக்கினார்.

வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்தவர் இரண்டு பிடி தின்றதும் எழுந்துவிட்டார்.

"இஞ்சேருங்க, கறியில உப்புக் கூடிட்டா?" என்றாள் மைமூனா.

"இல்ல."

"கொறைஞ்சிட்டா?"

"ரெண்டும் இல்ல மைமூனா. சும்மா இரு."

"இமக்குலேற் இண்டைக்கிக் கிணத்தடியில சாமான் கழுவிக் கட்டுறா. பெட்டி கட்டுற ஆளுட முகத்த என்னால பாக்க ஏலா. நீங்க அந்தப் புத்தகத்துல என்ன எழுதுற எண்டு எனக்குத் தெரியா. ஆனா அந்தப் பொடியன் களவெடுக்கல்ல, குடிக்கல்ல, வேலைக்கி ஒரு நாள் வராம நிக்கல்ல."

"நான் பொய் எழுதல்ல."

"பொய் எழுதின எண்டு ஆரு சொன்ன? தின்னுட்டுப் போங்க."

அவர் தின்னவில்லை.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு முற்பகலில், எங்கேயோ கம்பம் சாய்ந்து மின்சாரம் நின்றது. இயந்திரம் ஓய்ந்தது. தொட்டித் தண்ணீரைக் கலக்குகிற சுழலியும் நின்றது. ஆலை அப்படி அடங்கியதை அவர் சூறாவளிக்குப் பிறகு கேட்டதில்லை. பகல் முழுக்கக் கலங்கிச் சுழலும் உப்புத் தண்ணீர் அசையாமல் கண்ணாடிபோலக் கிடந்தது. இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது என்று பட்டது. சுவரோரத்தில் ஒரு வரிசை மூடிகளைத் தூக்கி, நான்கு பெட்டிகளை வெளியே இழுத்தார். கீழே குழாய்கள் தெரிந்தன. குழாய் என்று சொல்ல முடியாது. தொடைத் தடிப்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ.

படிந்த உப்பைத் தட்டிவிடுவோம் என்று இரும்புக் கம்பியை இறக்கி ஓங்கிக் குத்தினார். வெள்ளைத் துண்டு ஒன்று உடைந்தது. உடைந்த துண்டு அடியை நோக்கிப் போகவில்லை. ஆடி ஆடி மேலே வந்து, அவர் முழங்கைக்குப் பக்கத்தில் மிதந்தது.

கச்சிமுகம்மது கம்பியைப் பிடித்தபடியே நின்றார். இன்னும் ஒரு குத்து. இன்னும் இரண்டு துண்டுகள் மேலே வந்தன.

உப்பு மிதக்காது. கருவாட்டு வாடியில் ஆறு வருடம் உப்போடு கிடந்தவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு துண்டை எடுத்தார், குடிதண்ணீர் வாளியில் அலசினார், வாயில் போட்டார். மேலே சிறிது கரித்தது. பிறகு ஒன்றுமில்லை. வெறும் பச்சைத் தண்ணீர்.

பெனடிக் சொன்னதுதான். குழாயில் பனி.

அப்படியென்றால் தொட்டியில் உப்புக் குறைவு. ஆனால் குழலை விட்டுப் பார்த்தால் அது ஆடி அசைந்து வந்து அதே இருபத்திரண்டில் நின்றது. வீட்டுக்கு விரைந்தார். லுஹருக்குப் பாங்கு சொல்லியும் தொழப் போகாமல், குசினியில் மீண்டும் உப்பை வறுத்து, நிறுத்து, கலந்து, குழலை விட்டார். இருபத்திரண்டு. தன் கோட்டில் ஒரு பிழையும் இல்லை. குழல் வீட்டில் உண்மை பேசுகிறது, தொட்டியில் பொய் பேசுகிறது. குழலுக்கு எப்படித் தெரியும் தான் எங்கே இருக்கிறது என்று? மைமூனா வாசலில் நின்று பார்த்தாள்.

மின்சாரம் வந்தும் அன்று முழுக்க அவர் கால் ஓயவில்லை. மறுநாள் காலையில் ஆலையின் பின்பக்கமாக நடந்து வந்தபோது, பெனடிக் தன் வீட்டு வாசலில் குந்தியிருந்து லொறி பற்றரிக்கு அசிட் கலந்துகொண்டிருந்தான். களிமண் சட்டியில் தண்ணீர். அதற்குள் அசிட்டை நூல்போல ஊற்றி மரக் கோலால் கிண்டினான். சட்டியின் வாயிலிருந்து ஆவி வந்தது. அடுப்பில்லாமலே தண்ணீர் கொதி நிலைக்குப் பக்கத்தில் நின்றது. கிண்டி முடித்துவிட்டு, பற்றரி அளக்கிற கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"ஏன் பாக்காம இருக்க?" என்றார் கச்சிமுகம்மது.

பெனடிக் நிமிரவில்லை. மூன்று கிழமையாக அவர்களுக்குள் தேவைக்கு மேல் பேச்சில்லை. "சூடு."

"சூடெண்டா?"

"சூட்டோட பாத்தா அசிட் கொறைவா காட்டும். சூட்டில தண்ணி ஊதிப்போய் லேசாகிடும். ஆறட்டும். அவசரப்பட்டுப் பாத்து இன்னும் ஊத்தினா பற்றரி தகடெல்லாம் போயிடும். லொறி கராஜில படிச்ச பாடம் அது, ஒங்கட இங்கிலீசுப் புத்தகத்துல இருக்காது."

கச்சிமுகம்மது அங்கேயே நின்றார். சூடான தண்ணீர் லேசு. அப்படியென்றால்.

"குளிர்ந்தா?" என்றார்.

"என்ன குளிர்ந்தா?"

"குளிர்ந்த தண்ணி பாரமா?"

"பின்ன? சுருங்கினாப் பாரம்தானே." இப்போதுதான் பெனடிக் அவர் முகத்தைப் பார்த்தான். "ஏன் காக்கா, ஒங்களுக்கு என்ன?"

அவர் தொட்டியை நோக்கி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதை ஆலையில் யாரும் பார்த்ததில்லை. ஒரு வாளி தொட்டித் தண்ணீரை அள்ளி முற்றத்து வெயிலில் வைத்தார். குழலை விட்டார்: இருபத்திரண்டு. விரலை விட்டுப் பார்த்தார், எலும்பு கடுத்தது. காத்திருந்தார். வாளியின் வெளிப்புறம் வியர்த்து வழிந்தது. அரை மணியில் குழல் ஒரு சிறு கோடு தாழ்ந்தது. மீண்டும் வாளியைச் சுற்றி நடந்தார். அதே தண்ணீர், ஒரு துளி உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெயில் ஏற ஏற குழல் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் கைக்கு இளஞ்சூடாக வந்தபோது கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

இருபது.

பழைய கண்ணாடி பொய் சொல்லவில்லை. அது குளிர்ந்த தொட்டிக்கென்றே கோடு போட்டுச் செய்த கண்ணாடி. இவருடைய கோடுகள் உச்சிப் பகலில் மைமூனாவின் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டவை. மூன்று தடவை சரிபார்த்தார். மூன்று தடவையும் ஒரே சூட்டில். ஒக்டோபரில் இருபத்திநாலு காட்டிய அன்று தொட்டியில் இருந்தது சரியான இருபத்திரண்டுதான். அதை ஐந்து மாதம் பார்த்துப் பார்த்து இருபதுக்கு இறக்கியவர் அவரே. குழாயில் பனியை வளர்த்ததும் அவரே. சரீப்பின் சூரை நாய்க்குப் போனதும் அவரால்தான். பெனடிக்கின் வீட்டில் சாமான் கட்டியிருப்பதும்.

வாளியை அப்படியே விட்டுவிட்டு, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஹாஜியாரின் வீட்டுக்குப் போனார். ஹாஜியார் விறாந்தையில் சாய்கதிரையில் இருந்தார். கச்சிமுகம்மது நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது ஒரு இடத்தைக்கூட விடவில்லை. புகழ் வாங்கிய ஐந்து மாதத்தையும் சொன்னார்.

ஹாஜியார் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தார்.

"இப்ப என்ன செய்யணும்?"

"பத்துச் சாக்கு உப்பு. ரெண்டு நாளக்கி ஐஸ் எடுக்காம குழாய்ப் பனியக் கரைக்கணும். மறுகா சரிவரும்."

"அப்ப போடு. சத்தமில்லாமப் போடு." ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "மட்டக்களப்பான் ஒண்டாந் திகதி வாறான். அவன் வந்து சரியாக்கினான் எண்டு இரிக்கட்டும். ஊரெல்லாம் மெசின் பிழ எண்டு சொல்லிட்டன் கச்சி. பத்து வருசமா ஒண்ட புத்தகத்தக் காட்டித்தான் நான் யாவாரம் செய்ற. அது பிழ எண்டா எவன் என்ட ஐஸ நம்புவான்? ஒனக்கும் நல்லம், எனக்கும் நல்லம்."

"பெனடிக்?"

"அவனுக்கு வேற வேல கெடைக்கும். கைத்தொழில் தெரிஞ்சவன்."

கச்சிமுகம்மதுவின் கால்கள் விறாந்தையில் அங்குமிங்கும் போயின. ஹாஜியார் எரிச்சலோடு, "ஒரு எடத்துல நில்லன் மனிசா" என்றார்.

"ஹாஜி, பத்து வருசம் நான் எழுதின ஒவ்வொண்டுக்கும் பக்கத்துல என்ட கையெழுத்து இரிக்கி. பொய்யெண்டு தெரியாம எழுதின ஒம்பது மாசத்துக்கு அல்லாஹ் என்னக் கேக்கமாட்டான். தெரிஞ்ச பொறகு மூடி வச்சா அந்தப் புத்தகத்த நான் அவன்ட்ட என்னத்தச் சொல்லி நீட்டுற?"

"நான் சொல்றத நீ கேக்கமாட்டாய்?"

"உப்புப் போடச் சொல்லுங்க, போடுறன். வாய மூடச் சொல்லாதீங்க."

"அப்படியெண்டா தொட்டிய நான் வேற ஆளுட்டக் குடுக்க வேண்டி வரும்."

"குடுங்க," என்றார் கச்சிமுகம்மது. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அஸருக்குப் பிறகு ஐஸுக்கு வந்த லொறிகள் முற்றத்தில் நின்றன. சரீப் முன்வரிசையில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கச்சிமுகம்மது வாளியையும் குழலையும் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தார். தொட்டியிலிருந்து அப்போதுதான் அள்ளிய இன்னொரு வாளியை அதற்குப் பக்கத்தில் வைத்தார். இயந்திர அறை வாசலில் பெனடிக் நின்றான்.

"சரீப், இது ரெண்டும் ஒரே தண்ணி. இது குளிர், இது வெயிலில கிடந்த. ஒண்ட கையால குழல விட்டுப் பாரு."

சரீப் விட்டுப் பார்த்தார். ஒன்றில் இருபத்திரண்டு, மற்றதில் இருபது. "என்ன காக்கா இது, கண்கட்டு வித்தையா?"

"வித்த இல்ல. நான் ஒம்பது மாசமா பிழையா அளந்திரிக்கன். மெசினுக்கு ஒரு குறையும் இல்ல. பெனடிக்குக்கும் ஒரு குறையும் இல்ல. ஒண்ட சூரைய நாய்க்குப் போட்டது நான்."

பின்னால் நின்ற லொறிக்காரன் ஒருவன், "அப்ப காக்காவத்தான் ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கணும்" என்றான். யாரோ சிரித்தார்கள். சரீப் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இதச் சொல்ல ஒங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு நாள்?" என்றார்.

"இண்டைக்கித்தான் தெரியும். ரெண்டு நாளக்கி ஐஸ் இல்ல, பொறகு சரிவரும்."

"சரி. இப்பயாவது நல்ல ஐஸ் தாங்க. ரெண்டு நாளும் நான் பாத்துக்கிறன்."

அதற்கு மேல் ஹாஜியாருக்குச் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை. மட்டக்களப்புக்கு வேறொரு கடிதம் போனது. தொட்டியை யாரிடமும் ஒப்படைக்கவுமில்லை, ஒப்படைக்க ஆளில்லை. ஆனால் புத்தகத்தைத் தன் மேசையில் வைக்கச் சொல்லிவிட்டார். தினமும் எழுதிய எண்ணை ஹாஜியாரே பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றார். கச்சிமுகம்மது தலையாட்டினார்.

அடுத்த இரண்டு நாளும் பெனடிக் இயந்திரத்தை நிறுத்திவைத்தான். கச்சிமுகம்மது பீப்பாயில் தண்ணீர் எடுத்து, சாக்கு சாக்காக உப்பைக் கொட்டிக் கரைத்தார். கரையும்போது உப்பு தண்ணீரின் சூட்டைத் தின்றது. முழங்கைவரை விட்டுக் கிண்டிய கை சில்லிட்டது. குழாய்களிலிருந்து வெள்ளைப் பாளங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்து கரைந்தன. பெனடிக் வந்து பார்த்தான். தூக்கிக் கொடுக்கக் கை நீட்டவில்லை. ஏழாவது சாக்கில் கச்சிமுகம்மது மூச்சிரைத்து நின்றபோது வாய் திறந்தான்.

"மூணு மாசம் காக்கா. பனி எண்டு நான் சொல்லச் சொல்ல உப்பு எண்டீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு பெட்டியத் தூக்கிப் பாத்திருக்கலாம்."

"ஓம்."

"பிள்ளைகள்ட பள்ளிக்கூடத்துல பேர் வெட்டச் சொல்லிட்டன். நாளைக்கு மறுகாப் போய்ச் சேக்கணும். சிஸ்டர் என்ன கேப்பா? என்னத்தச் சொல்ல நான்?"

"நான் வந்து சொல்றன்."

"நீங்க வேணா." பெனடிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு குனிந்து எட்டாவது சாக்கின் ஒரு மூலையைப் பிடித்தான். "மற்றப் பக்கத்தப் பிடிங்க. ஒத்தக் கையால இழுத்து இடுப்ப முறிச்சுக்கிட்டா அதுக்கும் மெசின்தான் காரணம் எண்டு சொல்லுவினம்."

பத்துச் சாக்கும் இறங்கிய மறுநாள் காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. கச்சிமுகம்மது ஒரு வாளி தொட்டித் தண்ணீரை வெயிலில் வைத்தார். எட்டு மணி அளவை அன்று பத்தரைக்குத்தான் எடுக்க முடிந்தது. குழல் இறங்கி நின்றது. எழுதப் போனவரைப் பெனடிக் நிறுத்தினான். அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, தண்ணீர் தொட்ட கோட்டைத் தானே பார்த்தான்.

"இருபத்தொண்டே முக்கால்," என்றான். "எழுதுங்க."

கச்சிமுகம்மதுவின் கண்ணுக்கு அது இருபத்திரண்டு போலத்தான் தெரிந்தது. இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பேனாவை எடுத்து, இருபத்தொன்றே முக்கால் என்று எழுதினார்.